மரகதம் அக்காவின் மைக்கை நிறுத்தியது நான்தான்

தணிகாசலம் அண்ணன் பொய் சொல்கிறார். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொல்கிறார்.

போன வாரம் இங்கே அந்தமானில், ஜங்லிகாட் மார்க்கெட் முனையில் அவருடைய தேர்தல் கூட்டம் நடந்தது. நான் மீன் வாங்கப் போனவன், பையோடு நின்று கேட்டேன். "நான் மேடையில மதம் பேசவே மாட்டேன். பேசினவங்க கதி என்னாச்சுன்னு பெரார்கஞ்சுல போய்க் கேளுங்க. ஒரு அம்மா சாமி பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்டாங்க. கரண்டு இருந்துச்சு, மிஷின் ஓடிச்சு, ஆனா கோயில் ஹாரன் வாயை மூடிக்கிச்சு. மாரியம்மா நிறுத்திட்டா!" என்றார். கூட்டம் கை தட்டியது. தமிழ் தெரியாத மீன்காரர் "க்யா போலா?" என்று என்னிடம் கேட்டார். "ஜூட் போலா" என்றேன். பொய் சொன்னார் என்று அர்த்தம்.

அவர் சொன்ன அந்த அம்மாவின் பெயர் மரகதம். எழுபதை நெருங்குகிறார். பெரார்கஞ்சில் பாக்குத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். மாரியம்மன் அவர் வாயை அடைக்கவில்லை. நான் அடைத்தேன். ஆம்ப்ளிஃபயரின் குமிழை இடது பக்கம் திருப்பியது இந்தக் கை.

இதை ஏன் இப்போது எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, நான் மேலே சொன்ன கூட்டம். இன்னொன்று, மைக் செட் போடும் இளம் ஆட்கள் போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவன் என்று மரியாதைக்கு என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒருவன் கேட்டிருந்தான்: "அண்ணா, வேட்பாளர் சாமியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா மியூட் பண்ணிரலாமா? நமக்கு ஏன் வம்பு?" இப்போது வருகிற மிக்ஸரில் அதற்கென்று தனிப் பட்டனே இருக்கிறதாம். ஒரு விரல் போதும். நான் பதில் எழுத ஆரம்பித்தேன், போனில் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா ராமநாதபுரத்துக்காரர். ஹேடோவில் கப்பல் சரக்கு இறக்கும் வேலை. நான் அங்கே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். அப்பா என்னை ஜங்லிகாட்டில் மைக் செட் வைத்திருந்த உஸ்தாதிடம் கொண்டுபோய் விட்டார். முதல் வருடம் முழுக்க வயர் சுற்றினேன். அடுத்த வருடம் தென்னை மரம் ஏறி ஹாரன் கட்டினேன். கூம்பு மாதிரி இருக்கும் ஸ்பீக்கரைத்தான் நாங்கள் ஹாரன் என்போம். மூன்றாம் வருடம் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார விட்டார். அவ்வளவுதான் என் படிப்பு.

உஸ்தாதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் லோக்கல் பார்ன், கைதிகளைக் கொண்டுவந்த காலத்துக் குடும்பம். கொள்ளுத்தாத்தா ஒரு மூலையிலிருந்து விலங்கோடு வந்தவர், கொள்ளுப்பாட்டி வேறொரு மூலையிலிருந்து அதே மாதிரி வந்தவர். இங்கே விடுதலையாகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். "உஸ்தாத், உங்க சாதி என்ன?" என்று புதிதாக வந்த ஆள் எவனாவது கேட்டால், "ஜெயில்" என்பார். "மதம்?" என்று விடாமல் கேட்டால், "பரோல்" என்பார். கேட்டவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பான். உஸ்தாத் சிரிக்கவே மாட்டார்.

தேங்காய் எண்ணெய் தடவி வாரிய தலை. எந்த வேலைக்கும் வெள்ளைச் சட்டை. "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். "ஒன் டூ த்ரீ யாருக்கு வேணும்? ஜனம் கேக்குது, காம் கா பாத், வேலைக்கு ஆகுற சேதி சொல்லு" என்பார். அவர் மைக் சோதனைக்குக் கப்பல் செய்திதான் வாசிப்பார். மெயின்லேண்டிலிருந்து எந்தக் கப்பல் என்றைக்கு ஹேடோ வருகிறது, எது தள்ளிப்போனது, டிக்கெட் எங்கே கொடுக்கிறார்கள், எல்லாம் சொல்வார். கல்யாணமோ திருவிழாவோ, உஸ்தாத் மைக் கட்டுகிறார் என்றால் முன்கூட்டியே நாலு பேர் வந்து நிற்பார்கள், கப்பல் செய்தி கேட்க.

ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் மைக்கைக் கைக்குட்டையால் துடைத்து மோந்து பார்ப்பார். என் காதில், "ரம்" என்பார். அடுத்தவர் பேசியதும், "இவரு பீடி மட்டும். நல்ல ஆளு" என்பார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஹாரன்களின் வாய் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் பட்டை அடித்திருக்கும். நீலப் பட்டை போட்டவை கோயில், சர்ச், மசூதி, குருத்வாரா. சிவப்புப் பட்டை போட்டவை அரசியல் கூட்டம். ஒன்றை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. "ஓட்டுக் கேட்ட வாயில சாமி பாட்டு வரக் கூடாது ரே" என்பார். எல்லா மதத்துக்காரர்களும் எங்களை நம்பிக் கூப்பிட்டதற்கு அந்த நீலப் பட்டைதான் காரணம். தீவில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டையைத் தெரியும். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "நீலம்தானே? சரி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று, உஸ்தாத் போட்ட ரூல். நான் வேலைக்குச் சேருவதற்கு முன் ஏதோ ஒரு தேர்தல் கூட்டத்தில் ஒருவர் மேடையிலேயே பஜனை பாட ஆரம்பித்திருக்கிறார். கீழேயிருந்து இன்னொரு கூட்டம் தங்கள் சாமி பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறது. நாற்காலி பறந்திருக்கிறது. சும்மா நின்ற டீக்கடைக்காரருக்கு முன்பல் போனது. அன்றிலிருந்து ரூல்: "நாம் ஆயா தோ கம் கரோ." சாமி பெயர் வந்தால் சத்தத்தைக் குறை. நிறுத்தாதே, குறை. இருமு, ஸ்டாண்டைத் தட்டு, வயரைப் பார்க்கிற மாதிரி குனி. பேசுகிறவன் தண்ணீர், ரோடு, ஜெட்டி என்று வந்ததும் ஏற்று. நான் இந்த ரூலை வேதம் மாதிரி பிடித்துக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. யோசிக்காத இடத்தில்தான் தப்பு நடந்தது.

இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பஞ்சாயத்துத் தேர்தல். பஞ்சாயத்துத் தலைவரை இங்கே பிரதான் என்போம். பெரார்கஞ்ச் பக்கம் ஒரு பஞ்சாயத்தில் பிரதான் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தணிகாசலம் அண்ணன். அப்போதே ஜீப் வைத்திருந்தார். இன்னொருவர் மரகதம் அக்கா.

அக்கா சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். சிறு பெண்ணாக இருந்தபோது குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதன்பின் இந்தத் தீவுகளில் ஒன்றில் ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். கல்யாணமாகி பெரார்கஞ்ச் வந்தார். புருஷன் சீக்கிரமே போய்விட்டார். அங்கன்வாடியில் வேலை பார்த்தார். பெரார்கஞ்ச் மாரியம்மன் திருவிழாவுக்கு நான் வருடா வருடம் செட் போடப் போவேன். ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்து சாப்பிடப் போக முடியாது என்று அக்காதான் தட்டில் சோறு கொண்டுவந்து கொடுப்பார். "தின்னுடா. பாட்டு ஓடும், ஒன் வயிறு ஓடாது" என்பார். அப்படி ஒரு பழக்கம்.

தேர்தலில் நின்றதற்குக் காரணம் தண்ணீர். கோடையில் டேங்கர் லாரிக்கு நிற்க வேண்டும். அக்கா அங்கன்வாடிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, குழாய் இணைப்பு வேண்டும் என்று அலைந்தவர். ஜெயிப்பார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் கடைசி வாரத்தில் பேச்சு கிளம்பியது. மரகதம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறாளாம், ரகசியமாக மதம் மாறிவிட்டாளாம், ஜெயித்தால் கோயில் கமிட்டியைக் கலைத்துவிடுவாளாம்.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு பிரசாரம் முடியும். எங்களுக்கு ஸ்டேஷனில் கொடுத்த அனுமதிச் சீட்டில் மாலை ஐந்து மணி என்று எழுதியிருந்தது. ஐந்து அடித்தால் மைக் கூடாது, அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. ஊரில் இருப்பது ஒரே மைதானம். நாலிலிருந்து நாலரை வரை தணிகாசலம் அண்ணன், நாலரையிலிருந்து ஐந்து வரை அக்கா. இருவருக்கும் ஒரே செட், எங்கள் செட்.

அன்று காலையில் ஒரு மழை அடித்தது. சிவப்புப் பட்டை ஹாரன் இரண்டிலும் சத்தம் தரும் யூனிட் செத்துவிட்டது. மற்ற சிவப்பு ஹாரன்கள் வேறு ஊர்களில் இருந்தன. உஸ்தாத் அந்தமானின் இன்னொரு மூலையில் இருந்தார், போன் எட்டவில்லை. மாரியம்மன் கோயிலில் போன மாதத் திருவிழாவுக்குக் கட்டிய நீலப் பட்டை ஹாரன்கள் இரண்டு இன்னும் இறக்காமல் தொங்கின. நான் யாரையும் கேட்காமல் மரம் ஏறி அவற்றை அவிழ்த்து மைதானத்துத் தென்னையில் கட்டினேன். ஒரு மணி நேரம்தானே, யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் உஸ்தாத் பயம்.

தணிகாசலம் அண்ணன் பேசினார். நல்ல பேச்சுக்காரர், அதை மறுக்க மாட்டேன். கடைசியில் சொன்னார்: "நான் மதம் பேசற ஆளு இல்ல. யாரு எந்தச் சாமியக் கும்பிட்டா எனக்கென்ன? ஆனா ஞாயித்துக்கெழம யாரு எங்க போறாங்கன்னு ஒங்களுக்கே தெரியும். நான் சொல்லணுமா?" கூட்டத்தில் சிரிப்பு. அவர் வாயில் ஒரு சாமி பெயர்கூட வரவில்லை. ரூல்படி நான் குறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. முழுச் சத்தத்தில் போனது. தன் அரை மணியைத் தாண்டிப் பேசிவிட்டு, ஐந்துக்குச் சில நிமிடம் இருக்கும்போது இறங்கி, "அக்கா பேசறதையும் கேட்டுட்டுப் போறேன்" என்று முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா மேடை ஏறினார். கையில் ஒரு தாள். அதைப் படிக்கவே இல்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இந்தா பாருங்க. ஒரு வாரமா ஒண்ணத்தான் கேக்குறீங்க. ஞாயித்துக்கெழம எங்க போறேன்னு. இவரும் இப்ப கேட்டுட்டாரு. சொல்றேன். சர்ச்சுக்குத்தான் போறேன். மாரியம்மாவ நான்..."

அந்த இடத்தில் குமிழைத் திருப்பினேன்.

ஒரே நொடியில் எத்தனையோ ஓடியது. சர்ச் வந்துவிட்டது, மாரியம்மா வந்துவிட்டது. தொங்குவதோ கோயில் ஹாரன். உஸ்தாதுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாரே, காப்பாற்றுவோம் என்று நினைத்தேன். பாசம்தான். பாசத்தில் செய்தது என்பதால் அது சரியாகிவிடாது. குறைக்க வேண்டிய கை, பதற்றத்தில் முழுக்கத் திருப்பிவிட்டது.

அக்காவுக்கு அது தெரியவில்லை. ஹாரன் எல்லாம் கூட்டத்தைப் பார்த்து இருந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். முன்னால் இரண்டு வரிசைக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் வெறும் குரலே நன்றாகக் கேட்டது. அவர் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை:

"மாரியம்மாவ நான் விடல. அது எங்கம்மா சிலோன்லேருந்து மடியில கட்டிக் கொண்டாந்த படம். இன்னைக்கும் எங்க வீட்டுலதான் இருக்கு. எம் புருசன் செத்தப்ப பக்கத்து வீட்டு எலிசபா, ராஞ்சிக்காரி, ஒரு மாசம் என் வீட்டுல படுத்தா. அவ பாஷ எனக்குத் தெரியாது, எம் பாஷ அவளுக்குத் தெரியாது. அவ பாட்டுக்கு ஜபம் பண்ணுவா, எனக்குத் தூக்கம் வரும். அவகூட சர்ச்சுக்குப் போறேன். அங்க உக்காந்தா எனக்கு நெஞ்சு ஆறுது. ரெண்டு எடத்துலயும் கும்பிடுறேன். இது தப்பா சரியான்னு சாமிங்க பாத்துக்கட்டும். மறைக்கல, யாரும் மூஞ்சிக்கு நேரா கேக்கல, அதான் சொல்லல. இதுக்காக எனக்கு ஓட்டுப் போடாதீங்க. இதுக்காகப் போடாமயும் இருக்காதீங்க."

பின்னால் இருந்தவர்கள் எழுந்து "சத்தம் வரல! சத்தம் வரல!" என்று கத்தினார்கள். அக்கா அவர்கள் தன்னை எதிர்த்துக் கத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் உரக்கப் பேசினார். கழுத்து நரம்பு புடைத்தது. என் கை குமிழின் மேலேயே இருந்தது. இதோ முடித்துவிடுவார், இதோ தண்ணீருக்கு வந்துவிடுவார் என்று காத்திருந்தேன். வந்தார். நான் ஏற்றினேன். "தண்ணிக்கு ஓட்டுப் போடுங்க!" என்று ஹாரன் அலறியது. கான்ஸ்டபிள் கையைத் தூக்கி வாட்சைக் காட்டினார். மணி ஐந்து. எல்லாம் முடிந்தது.

பின்வரிசையில் ஒரு பெரியவர் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இது கோயில் ஹாரன்ல? நீலப் பட்டை!" என்றார். இரண்டு கையையும் கூப்பினார். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த பெண்ணும் கூப்பினாள். தணிகாசலம் பேசியபோது நன்றாகப் பேசிய ஹாரன், மரகதம் மாரியம்மா பெயரை எடுத்ததும் செத்தது, பெயரை விட்டதும் உயிர் வந்தது. கண்ணால் பார்த்தார்கள், காதால் கேட்டார்கள். "மாரியம்மாவ நான்" என்பதற்குப் பிறகு வந்த வார்த்தையை அவரவரே போட்டுக்கொண்டார்கள். பீச்சில் கல்லைக்கூட போனில் படம் எடுக்கும் காலம் அப்போது இல்லை. மைதானம் காலியாவதற்குள் அது அற்புதமாகிவிட்டது.

நான் தலையைக் குனிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். தணிகாசலம் அண்ணன் ஜீப்புக்குப் போகிற வழியில் என் பக்கம் குனிந்தார். என் முதுகில் தட்டி, மெதுவாக, "நல்ல கை தம்பி. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீ வாயத் தொறக்காத, மிச்சத்த மாரியம்மா பாத்துக்குவா" என்றார்.

மறுநாள் உஸ்தாதிடம் சொன்னேன். ஹாரன் எடுத்ததையும் சொன்னேன், குமிழைத் திருப்பியதையும் சொன்னேன். அடி விழும் என்று நின்றேன். அவர் சோல்டரிங் கம்பியைக் கீழே வைத்தார்.

"அந்த அம்மா சாமிய வித்தாளா?"

"இல்ல உஸ்தாத். இதுக்காக ஓட்டுப் போடாதீங்கன்னே சொன்னாங்க."

"ஃபிர்? அப்புறம் என்ன? விக்கிறவனுக்குத்தானே ரூலு. இந்த அம்மா சொந்த வீட்டு ஜன்னல் தொறந்து காட்டிச்சு. நீ போய்ச் சாத்திட்டே. தணிகாசலம் பேசினப்ப?"

"அவரு சாமி பேரே சொல்லல உஸ்தாத்."

"பேர் சொல்லாம வித்தான். படா வியாபாரி ரே." பிறகு, "கல்தி மேரா ஹை, தப்பு என்னுது. ரூல் போட்டவன் நான். பேரை எண்ணச் சொன்னேன், ஆளைப் பாக்கச் சொல்லல" என்றார்.

வெள்ளைச் சட்டையை மாற்றி இன்னொரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். ஒரே ஒரு அறிவிப்பு, மைக் நின்றது எங்கள் தப்பு என்று மட்டும், செய்துகொள்கிறேன் என்று கேட்டார். பிரசார நேரம் முடிந்துவிட்டது, இனி மைக் கூடாது என்றார்கள். சட்டம் அதுதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. திரும்பி வந்தார். கடையிலிருந்த ஹாரன்களை எல்லாம் இறக்கச் சொன்னார். ஊர் ஓட்டுப் போட்ட நாள் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் மண்ணெண்ணெயும் கத்தியும் வைத்துக்கொண்டு நீலத்தையும் சிவப்பையும் சுரண்டினோம். "இனிமே ஹாரன் ஹாரன்தான். சாமியும் இல்ல, பார்ட்டியும் இல்ல" என்றார். அவர் விரல் நகத்தில் நீலப் பெயிண்ட் ஒரு வாரம் இருந்தது.

அக்கா தோற்றார். ரிசல்ட் வந்த பிறகு உஸ்தாத் என்னைத் துரத்தினார். "ஜா. அந்த அம்மாகிட்ட போய்ச் சொல்லு. அப்புறம் கடைக்கு வா."

போனேன். அக்கா வாசலில் பாக்கு காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாடா. தோத்தவ வீட்டுக்கு மைக்கா கொண்டாந்த?" என்றார். முகம் வாடியிருந்தது. நின்றபடியே சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

பாக்கு அள்ளிய கை அப்படியே நின்றது.

"நீயா?"

"நான்தான்க்கா."

"மாரியம்மா இல்லையா?"

"இல்லக்கா. நான்தான். குமிழு."

"அடப் பாவி! பத்து நாளா நான் அந்தப் படத்தப் பாக்கவே பயந்துக்கிட்டுக் கெடக்கேன்டா! எங்கம்மா சாமி என்ன வேணான்னுருச்சேன்னு வெளக்குகூட ஏத்தலடா!"

ஒரு பாக்கை எடுத்து என் மேல் எறிந்தார். நெற்றியில் பட்டது. இன்னொன்றை எறிந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "குரங்கே, நீதானா? நீ கோவிச்சா எனக்கென்னடா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. ஓட்டுப் போனது அவருக்கு இரண்டாம் பட்சம். தன் அம்மா கொண்டுவந்த சாமி தன்னைக் கைவிட்டது என்று நம்பித்தான் அந்தப் பத்து நாளும் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வெளியே வந்து டீ கொடுத்தார். "எங்கிட்ட சொல்லிட்ட. சரி. ஊருக்குச் சொல்லு" என்றார்.

"நீங்களே சொல்லுங்கக்கா, நான் பக்கத்துல நிக்கிறேன்."

"நான் சொன்னா, தோத்தவ கத கட்டுறாம்பாங்க. நிறுத்துனவன் சொல்லணும்."

சரி என்றேன். சொல்லவில்லை. கோயில் ஹாரனைக் கேட்காமல் அவிழ்த்தவன் என்று கமிட்டி கேட்குமே என்று பயந்தேன். அடுத்த மாதம் சொல்லலாம், அடுத்த திருவிழாவில் சொல்லலாம் என்று தள்ளினேன். கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது. உஸ்தாத் சாகும்வரை வருடத்துக்கு ஒரு முறை "சொன்னியா?" என்று கேட்பார். நான் வயரைப் பார்ப்பேன்.

அக்கா அதற்குப் பிறகு தேர்தலில் நிற்கவில்லை. ஆனால் சோறு கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் தட்டோடு வந்து, ஆம்ப்ளிஃபயரைத் தட்டி, "என்னாடா, இன்னைக்காவது ஒழுங்கா வேல செய்யுமா, இல்ல மாரியம்மாவக் கூப்பிடணுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பிலேயே கணக்கு தீர்ந்துவிட்டது என்று நான் என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

தீரவில்லை. ஜங்லிகாட் பேச்சு வீடியோவாகி போனில் சுற்றுகிறது. முந்தாநாள் அக்கா கூப்பிட்டார். "பாத்தியாடா? பழைய கதைய மறுபடி மேடையேத்திட்டான்" என்றார். குரலில் கேலி இருந்தது, ஆனால் வழக்கமான கேலி இல்லை. "வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போனேன். பக்கத்துல உக்காந்திருந்தவ எந்திரிச்சுத் தள்ளிப் போய் உக்காந்தா. சின்னப் பொண்ணுடா, அங்கன்வாடியில என் மடியில தூங்குனவ" என்றார். பிறகு வேறு ஏதோ பேசி வைத்துவிட்டார். ஊருக்குச் சொல் என்று இந்த முறை கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குச் சுட்டது.

மியூட் பண்ணலாமா என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இது. பண்ணாதே. என் கை குமிழில் கிடந்த வருடங்களில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். தன் சாமியைக் காட்டி ஓட்டுக் கேட்பது தப்பு, சட்டப்படியும் தப்பு. அதைப் பார்க்கத் தேர்தல் அதிகாரி இருக்கிறார், கேமராக்காரர் இருக்கிறார். அது உன் வேலை இல்லை. ஆனால் ஊர் முதுகுக்குப் பின்னால் பேசும்போது, ஒரு ஆள் மேடையேறி, "ஆமா, நான் இன்ன இடத்தில் கும்பிடுகிறேன், அதை வைத்து என்னை எடை போடாதே" என்று சொன்னால், அதைவிட நேர்மையான தேர்தல் பேச்சு கிடையாது. சொல்லத்தான் வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சொல்கிறவர் வாயை அடைக்கவும் கூடாது. நான் பயப்படுவது சாமி பெயரைச் சொல்கிறவனைப் பார்த்து அல்ல. "நான் மதம் பேச மாட்டேன்" என்று ஆரம்பிக்கிறவனைப் பார்த்துத்தான். அப்படி ஆரம்பித்த பேச்சில் பாதி, அடுத்தவன் மதத்தைப் பற்றித்தான் இருந்தது.

பெரார்கஞ்ச் மாரியம்மன் கோயில் கமிட்டிக்கு: ஹாரனைக் கேட்காமல் எடுத்தவன் நான். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை காலை பூஜைக்கு வந்து, மைக் இல்லாமல், எல்லோர் முன்னாலும் இதையே வாயால் சொல்கிறேன்.

தணிகாசலம் அண்ணே, உங்களுக்கு: நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். மைக் இல்லாமலே உங்களுக்குக் கேட்டது. என் கையையும் பார்த்தீர்கள், பார்த்ததாக நீங்களே என்னிடம் சொன்னீர்கள். மரகதம் அக்கா அன்றைக்குச் சாமி பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்டாரா, இல்லை, இதற்காக ஓட்டுப் போடாதீர்கள் என்று சொன்னாரா? உங்கள் பிரசாரம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் பெரார்கஞ்ச் மைதானத்துக்கு வந்து, அக்கா முன்னால், ஊர் முன்னால், பதில் சொல்லுங்கள்.